சுத்தக் காற்றில் ஒரு பூஜ்யம்

தொட்டிக்குள்ளும் மேன்ஹோலுக்குள்ளும் இறங்குகிறவர்கள் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் வாயுமானி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சிங்கப்பூரில் நம் தொழிலாளர்கள் அதை கேஸ் மீட்டர் என்கிறார்கள். விசையை அழுத்தியதும் அது முதலில் தன்னையே சோதித்துக்கொள்ளும். விளக்கு மினுங்கும், கத்தும், அதிரும். அதன் பிறகு பல கருவிகள் ஓர் அனுமதி கேட்கும்: இப்போது என்னைச் சுற்றியுள்ள காற்றைச் சுத்தமான காற்றாக எடுத்துக்கொள்ளலாமா? ஆம் என்று யாராவது பொத்தானை அழுத்திவிட்டால், அந்த இடத்துக் காற்றில் என்ன கலந்திருந்தாலும் அதுவே அன்றைக்குப் பூஜ்யம். ஆக்சிஜனுக்கு மட்டும் 20.9 சதவீதம்.

இந்தப் பொத்தானை எங்கே நின்று அழுத்துகிறோம் என்பதில் ஓர் உயிர் இருக்கிறது. தொட்டியின் வாயருகே, பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு கசிந்துகொண்டிருக்கும் இடத்தில் நின்று அழுத்தினால், கருவி அந்த எட்டைக் கழித்துவிட்டுத்தான் இனிமேல் எண்ணும். உள்ளே பதினைந்து இருக்கும்போது ஏழு என்று காட்டும். பெரும்பாலான கருவிகளில் இந்த வாயுவுக்கு முதல் எச்சரிக்கை பத்தில், இரண்டாவது பதினைந்தில். இரண்டாவது மணி அடித்திருக்க வேண்டிய இடத்தில் முதல் மணிகூட அடிக்காது. காற்று ரொம்பக் கெட்டிருந்தால் சில கருவிகள் பூஜ்யம் வைக்க மறுத்துவிடும். கொஞ்சமாகக் கெட்டிருந்தால் ஒப்புக்கொள்ளும். அந்தக் கொஞ்சம்தான் பயங்கரம்.

கருவி பழுதானால் என்ன செய்வது என்று கையேடுகளில் ஒரு பக்கம் இருக்கும். அணைத்துப் போடு, மின்கலத்தைப் பார், வடிகட்டியை மாற்று, திறந்தவெளியில் பூஜ்யம் வை, பரிசோதனை வாயுவைக் காட்டு, அதற்கும் சரியாகாவிட்டால் சென்சாரை மாற்று. வாசித்தால் கைப்பேசிக்கான குறிப்பு மாதிரிதான் தோன்றும். ஆனால் இந்தக் கருவியின் பழுதுகள் வேறு வகை. உள்ளே இருக்கும் நான்கு சென்சார்களும் (ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு) ஒரே விதமாகச் சாவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஆக்சிஜன் சென்சார்களில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் வகைக்குள் ஈயம் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் தின்றுகொண்டே மின்னோட்டம் தருகிறது. கருவியை அணைத்து அலமாரியில் வைத்தாலும் தின்பது நிற்பதில்லை. ஈராண்டுக்குப் பக்கமாக ஈயம் தீர்ந்துபோகும். அது சாகும்போது அளவு இறங்கும், கருவி கத்தும். அந்த வகையில் அது நேர்மையான சாவு. எரிவாயு சென்சார் அப்படியல்ல. அதற்குள் சூடேறிய ஒரு சிறு மணி இருக்கிறது. எரியக்கூடிய வாயு அதன்மேல் பட்டு எரியும்போது ஏறும் வெப்பம்தான் அளவு. மீத்தேன் காற்றில் ஏறக்குறைய ஐந்து சதவீதம் சேர்ந்தால் தீப்பற்றும். கருவி அந்த ஐந்தையே நூறாக வைத்துக்கொண்டு, அதில் பத்து வந்ததுமே கத்துகிறது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டுமே? ஆக்சிஜன் வறண்ட தொட்டிக்குள் வாயு நிறைந்து நின்றாலும் அந்த மணியால் எரிக்க முடியாது. குறைவான எண்ணையே காட்டும். சிலிக்கோன் கலந்த மெருகுப் பூச்சு, மசகு, பசை இவற்றின் ஆவி பட்டால் மணியின்மேல் படலம் படிந்து அது நிரந்தரமாகச் செத்துப்போகலாம். செத்த பிறகு அது காட்டும் எண் பூஜ்யம்.

இப்படிச் செத்த சென்சாரும் சுத்தமான காற்றும் திரையில் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. இந்த ஒரு விஷயத்தைத்தான் அந்தக் கருவியை மாட்டிக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் அவரவர் தாய்மொழியில் முதலில் சொல்ல வேண்டும் என்பேன். வித்தியாசம் தெரிய ஒரே வழிதான் உண்டு. அளவு தெரிந்த விஷத்தைக் கொஞ்சம் காட்டி, கத்துகிறதா என்று பார்ப்பது. அதற்கென்று சிறு சிலிண்டரில் நான்கு வாயுவும் கலந்து வருகிறது. வழக்கமான கலவையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 25, கார்பன் மோனாக்சைடு 100, மீத்தேன் இரண்டரை சதவீதம், ஆக்சிஜன் 18 சதவீதம். சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ளேயே இருந்து மெலிந்துவிடும். குழாயை மாட்டித் திறந்துவிட்டால் சில நொடிகளில் நான்கு எச்சரிக்கையும் எழ வேண்டும். பம்ப் டெஸ்ட் (bump test) என்பது இதுதான். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன்பு இதைச் செய்ய வேண்டும் என்பது கருவி தயாரிப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை.

கார்பன் மோனாக்சைடு சென்சாருக்கு வேறொரு குணம். கைகழுவும் சானிடைசரின் ஆல்கஹால் ஆவி பட்டாலே அது கத்திவிடும். கையைத் துடைத்துக்கொண்டு கருவியைத் தொட்டவர்கள், இல்லாத வாயுவுக்காக ஓடியிருப்பார்கள். இப்படி இரண்டு மூன்று முறை ஓடியவர் நான்காவது முறை என்ன செய்வார் என்பதில்தான் இந்தக் கருவியின் கதை முழுவதும் இருக்கிறது.

நம் ஊர்களில் பாழுங்கிணற்றைத் தூர்வார இறங்குகிறவர்கள் முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் ஆள் இறங்குவதில்லை. அறிவுள்ள வழக்கம், எத்தனையோ உயிரைக் காத்திருக்கும். ஆனால் சுடர் ஆக்சிஜன் குறைவை மட்டும்தான் சொல்லும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கும்போதும் அது அசையாமல் எரியும். எரிவாயு இருந்தாலோ விளக்கே வெடிக்குக் காரணமாகும். அதற்காகத்தான் 1815இல் ஹம்ப்ரி டேவி இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகச் சுடரைக் கம்பிவலைக்குள் அடைத்தார். கூண்டில் கேனரிக் குருவி வைத்து மோனாக்சைடை அறியும் பழக்கம் பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரைக்கும் இருந்தது.

நம் மூக்கும் ஒரு கருவிதான். ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை வாடையை அது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே பிடித்துவிடும். நூறை எட்டும்போது மோப்ப நரம்பு மரத்து, வாடை காணாமல் போகும். உள்ளே இருக்கிறவர் காற்று தெளிந்துவிட்டது என்று நினைப்பார். விஷத்தின் நடுவில் நின்றுகொண்டு தனக்குத்தானே பூஜ்யம் வைத்துக்கொள்கிறது மூக்கு. நாற்றத்தை நம்பி இறங்காதே, நாற்றமில்லை என்பதை நம்பியும் இறங்காதே என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது இதனால்தான்.

2024 மே 23 அன்று சிங்கப்பூரின் சுவா சூ காங் நீர்சுத்திகரிப்பு ஆலையில், தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மூன்று பேர் இந்த வாயுவைச் சுவாசித்து விழுந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்து துப்புரவு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த நாற்பது வயதுக்காரர் இறந்தார். மலேசியர் இருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஆலை அது. கைவிடப்பட்ட பழைய கிடங்கு எதுவும் அல்ல. ஊருக்குக் குடிநீர் தரும் இடம். தண்ணீரைச் சுத்தம் செய்யும்போது ஒதுங்கும் வண்டலில், காற்றுப் புகாத ஆழத்தில், நுண்ணுயிர்கள் இந்த வாயுவை உண்டாக்கும். கிளறினால் மேலே வரும். காற்றைவிடக் கனமானதால் ஆள் நிற்கும் தரையிலேயே தங்கும். அதனால்தான் கருவியைத் தொட்டியின் வாயில் மட்டும் காட்டினால் போதாது. குழாய் மாட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் காற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். குழாயின் நீளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு மட்டத்திலும் பொறுத்திருக்க வேண்டும். அவசரக்காரன் அடித்தொட்டியின் காற்று வந்து சேருமுன்பே எண்ணைப் படித்துவிடுவான்.

சிங்கப்பூரில் இதற்கெல்லாம் விதி இருக்கிறது. அடைபட்ட இடங்களுக்கான பாதுகாப்பு விதிமுறைகள் 2009 நவம்பரில் நடப்புக்கு வந்தன. ஆக்சிஜன் 19.5க்கும் 23.5 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். எரிவாயு, தீப்பற்றும் அளவில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தகுதி பெற்ற ஒருவர் காற்றைச் சோதிக்க வேண்டும். பெர்மிட் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. இறங்கியவர்களைப் பார்த்தபடி ஒருவர் வெளியே நிற்க வேண்டும். நல்ல விதிகள். அவை எழுதப்பட்டதற்குப் பின்னால் நிறையச் சாவுகள் இருக்கின்றன. 1978 அக்டோபர் 12 அன்று, மதிய உணவு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய நேரத்தில், ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்புக்கு நின்ற ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் இறந்தார்கள். போருக்குப் பிந்தைய சிங்கப்பூரில் அதைவிடப் பெரிய தொழில் விபத்து இல்லை. எரிபொருள் தொட்டி ஒன்றில் இருந்த கனஎண்ணெயுடன் கச்சா எண்ணெய் கலந்திருந்தது. கனஎண்ணெய் எளிதில் ஆவியாகாது என்ற நம்பிக்கையில் பக்கத்தில் வாயுச் சுடரால் இரும்பு வெட்டும் வேலை நடந்தது. தொட்டிக்குள் சேர்ந்திருந்த ஆவி பற்றிக்கொண்டது. உள்ளே இருப்பது எது என்று நினைத்தார்களோ, அது அங்கே இல்லை.

வாயுவோடு சம்பந்தமில்லாத, ஆனால் இந்தப் பூஜ்யத்தோடு மிகவும் சம்பந்தமுள்ள இன்னொரு விபத்து, லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நடந்தது. 2004 ஏப்ரல் 20, நிக்கல் நெடுஞ்சாலை. வட்டப் பாதை ரயிலுக்காக முப்பது மீட்டருக்கும் மேலான ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தின் சுவர்கள் உள்ளே சாய்கின்றனவா என்று பார்க்கக் கருவிகள் பதிக்கப்பட்டிருந்தன. கருவிகள் தம் கடமையைச் செய்தன. சுவர் நகர்கிறது, எதிர்பார்த்ததைவிட அதிகம் நகர்கிறது என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தன. எண் வரம்பைத் தாண்டியபோது, நகர்ந்த அளவுக்குப் பொருந்துமாறு கணக்கை மறுபடி போட்டு வரம்பை உயர்த்தினார்கள். மீண்டும் தாண்டியது, மீண்டும் உயர்த்தினார்கள். அன்று காலையிலிருந்தே இரும்புத் தாங்கிகள் முறுக்கிச் சத்தமிட்டன. பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் எல்லாம் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கூட இருந்த தொழிலாளர்களை மேலே ஏற்றிவிட்ட போர்மேன் ஒருவரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. விபத்து தவிர்க்கப்பட்டிருக்கக் கூடியது என்று விசாரணைக் குழு 2005இல் சொன்னது.

எச்சரிக்கையின் வரம்பை உயர்த்துவதும், கெட்ட காற்றில் பூஜ்யம் வைப்பதும் ஒரே காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் கருவி பழுதாவதில்லை. எது இயல்பு என்று அதற்குச் சொல்லித் தருகிற மனிதர், வேலையை நிறுத்தாமலிருக்க வசதியான இடத்தில் இயல்பை வைக்கிறார். அவர் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. கெடு நெருங்குகிறது, மேலேயிருந்து கேட்கிறார்கள், இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்ற எண்ணமும் இருக்கிறது, அவ்வளவு போதும்.

விஷவாயு கசிந்த போபால் ஆலையில் 1984 டிசம்பர் 2 இரவு தொட்டியின் அழுத்தம் ஏறியதைக் கருவி காட்டத்தான் செய்தது. அங்கே கருவிகள் அடிக்கடி பொய் சொல்லும் என்பதால் யாரும் அவற்றை நம்பும் பழக்கத்தில் இல்லை. கண் எரிந்தால் கசிவு என்று தெரிந்துகொள்வதுதான் வழக்கமாக இருந்தது. அன்று இரவு பதினொன்றரை வாக்கில் கண் எரிந்தது. தேநீர் குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள். மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் பதினொரு பேரைக் கொன்ற டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடையிலும் இதே கதை: நள்ளிரவில் பொய் மணி அடித்து ஆட்களை எழுப்பிவிடுகிறது என்று பொது எச்சரிக்கையைத் தடுத்து வைத்திருந்ததாக அதன் தலைமை மின்னணுத் தொழில்நுட்பர் விசாரணையில் சாட்சி சொன்னார். பொய்யாகக் கத்தும் கருவியைப் பழுதுபார்க்காமல் விட்டால், மெய்யாகக் கத்தும்போது அதைக் கேட்க ஆள் இருக்காது. அதனால்தான் காரணம் தெரியாமல் ரீசெட் செய்வதை நான் ஆபத்தான பழக்கம் என்கிறேன். கத்திய கருவியோடு வெளியே வந்து, திறந்தவெளியில் நின்று, எண் இறங்குகிறதா என்று பார்த்து, இறங்காவிட்டால் சென்சாரையும் இறங்கினால் தொட்டியையும் சந்தேகிக்க வேண்டும். தொட்டிக்குள் நின்றுகொண்டே பொத்தானை அழுத்துகிறவர் சாட்சியின் வாயைப் பொத்துகிறார்.

ஃபேரர் பார்க் திடல் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கப்பல் பட்டறைத் தம்பி ஒருவரோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். எட்டுப் பேர் கொண்ட கூட்டத்துக்கு அவர்தான் மீட்டர் மாட்டிக்கொண்டு இறங்குவாராம்.

"அது கத்துனா என்ன தம்பி செய்வீங்க?"

"வெளிய வரணும்ணே. கோர்ஸ்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"வருவீங்களா?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "சத்தம் கூடவா வந்தா வந்துருவோம். லேசா ஒரு தடவ கத்திட்டு நின்னுருச்சுன்னா... வேல நின்னா சூப்பர்வைசர் மூஞ்சி மாறும்ணே. மூஞ்சி மாறுனா ஓவர்டைம் கொறையும். ஊர்ல வட்டி ஓடிக்கிட்டிருக்கு."

திரையில் வரும் எழுத்துகளுக்கெல்லாம் அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். எண் தெரியும், சிவப்பு தெரியும், மற்றது சேஃப்டிக்காரருக்குத் தெரியும் என்றார். பூஜ்யம் வைப்பதைப் பற்றிக் கேட்டேன். "காலைல ஸ்டோர்லயே போட்டுக் குடுத்துருவாங்கண்ணே" என்றார். ஸ்டோர் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. பெயின்ட் டின்களுக்குப் பக்கத்திலா, டீசல் ஓடும் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலா? கேட்காமலே விட்டுவிட்டேன். அவர் கையில் இல்லாத ஒன்றுக்கு அவரை விசாரிப்பது நியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் வந்து இறங்கும் ஆயிரக்கணக்கானவர்களில், வாரம் முழுவதும் இந்தக் கருவியின் சொல்லை நம்பி இறங்கி ஏறுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. பலர் வரும்போதே முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனோடு வருகிறார்கள். நெஞ்சில் மாட்டியிருக்கும் மணி அடித்தால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு என்றுதான் சொல்கிறார்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அதிகாரத்தின் எடை எவ்வளவு என்பதை அந்தத் தம்பி எனக்குச் சொல்லிவிட்டார்.

தமிழ்நாட்டை நினைத்தால் வெட்கம்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில், சாக்கடைக்குள் யாரேனும் இறங்க நேர்ந்தால் தரவேண்டிய கருவிகளின் பட்டியல் இருக்கிறது. நான்கு வாயுக்களைக் காட்டும் மானி அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர்த் தொழிலாளியின் நெஞ்சில் இருக்கும் அதே கருவி. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இலும், முப்பது லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1993 முதல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர்களுக்கான அரசுக் கணக்கில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. முதலில் ஒருவர் விழுகிறார், அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ இறங்குகிறார், அவரும் விழுகிறார். யாரை இறக்குவது என்பதைச் சாதி முடிவு செய்கிற நாட்டில், பூஜ்யத்தை எங்கே வைப்பது என்ற பேச்சுக்கு வரவே நமக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

சிங்கப்பூர்த் தமிழர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இங்கே நம்மில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், பாதுகாப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள், வேதியியல் சொல்லித் தருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நூல் வெளியீட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் அரங்கு பிடிக்கத் தெரிந்த அமைப்புகளும் இருக்கின்றன. லிட்டில் இந்தியாவில் ஏதேனும் ஒரு கூடத்தில், ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம், மேசைமேல் நான்கு கருவிகளை வைத்து இந்தத் தொழிலாளர்களுக்குத் தமிழில் சொல்லித் தருவோம். செத்த சென்சார் ஒன்றையும் கொண்டுவருவோம், அது பூஜ்யம் காட்டுவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். பரிசோதனை வாயுவைத் தாங்களே திறந்துவிட்டு, கத்தும் கருவி எது, கத்தாத கருவி எது என்று பிரித்துப் பழகட்டும். கருவிகள் இங்கே வாடகைக்குக் கிடைக்கின்றன. சொல்லித்தர ஆள் தேவை. வரச் சம்மதிப்பவர்கள் இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள்.